சான்ட்ரோவைக் கொடுத்துவிட்டு கிரெட்டா வாங்கலாமா?

உங்கள் கேள்வி இது: 2010-ல் பதிவான சான்ட்ரோ ஸிங். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடியிருக்கிறது. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய கட்டம். கோவை நகருக்குள் மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை திருநெல்வேலி, கோடையில் ஊட்டி. வீட்டில் நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. சான்ட்ரோவைப் புதுப்பித்து இன்னும் ஐந்தாண்டு ஓட்டுவதா, கொடுத்துவிட்டு பெட்ரோல் கிரெட்டா வாங்குவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போவதற்கு இந்த சான்ட்ரோவை இனிப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் அதற்கு மாற்று கிரெட்டா ஒன்றுதான் என்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் கேள்விக்குள் இரண்டு ஒப்பீடுகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பழையதா புதியதா என்பது. மற்றொன்று சிறியதா பெரியதா என்பது. உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கப்போகும் நன்மையில் பெரும்பகுதி வண்டி புதியது என்பதால் வருவது. கையைவிட்டுப் போகும் பணத்தில் பெரும்பகுதி வண்டி பெரியது என்பதால் போவது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் சரியான வண்டி கண்ணில் படும்.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, காப்பீட்டுக்காக இழப்பை மதிப்பிடுவது என் தொழில். எனவே பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். அதற்கு முன் உருவம்.

இரண்டும் ஒரே ஊர்ப் பிள்ளைகள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் வெளிவந்த முதல் கார் சான்ட்ரோ. 2014-ன் இறுதிவரை அந்தப் பழைய வடிவம் ஓடியது. கிரெட்டா 2015-ல் அதே ஆலையில் பிறந்தது. இரண்டாம் தலைமுறை 2020-ல் வந்தது, 2024 ஜனவரியில் முகம் மாறியது. சான்ட்ரோ 3,565 மில்லிமீட்டர் நீளம், 1,525 அகலம், 1,590 உயரம். கிரெட்டா 4,330 நீளம், 1,790 அகலம், 1,635 உயரம். உயரத்தில் மட்டும் கண்ணை நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் நாலரை சென்டிமீட்டர்தான்! சான்ட்ரோ வந்த காலத்தில், நெட்டையாக நிற்கும் அதன் கூரையைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் குனியாமல் ஏறி, முழங்காலை மடக்காமல் உட்காரும் வசதியை இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கிய கார்களில் அது முக்கியமானது. அம்மாவின் முழங்காலுக்காக எஸ்.யூ.வி. வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வசதியை இத்தனை ஆண்டுகளும் அவர் சான்ட்ரோவிலேயே பெரும்பாலும் அனுபவித்துத்தான் வந்திருக்கிறார். கிரெட்டாவின் இருக்கை இன்னும் சற்று உயரம், கதவு அகலமாகத் திறக்கும், உள்ளே காலை நகர்த்த இடம் அதிகம். அவ்வளவுதான். உயரம் மிகையாகிவிட்டால் வயதானவர்களுக்கு அதுவும் சிரமம். அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போய் நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்; எந்த அட்டவணையும் அதற்கு ஈடாகாது.

தரை இடைவெளியும் அப்படித்தான். கிரெட்டாவுக்கு 190 மில்லிமீட்டர். சான்ட்ரோவைவிட இரண்டு சென்டிமீட்டர் அளவில் கூடுதல். உள்ளூர் வேகத்தடைகளில் ஐந்து பேரோடு ஏறி இறங்கும்போது அந்த இரண்டு சென்டிமீட்டர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் காட்டுப்பாதைக்குப் போகும் வண்டி என்று எண்ணிவிட வேண்டாம். கிரெட்டாவுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. காரைப் போலவே உடலும் சட்டமும் ஒன்றாகச் செய்யப்பட்டது, இந்தியாவில் விற்பது முன்சக்கர ஓட்டம் மட்டுமே. அது உயர்த்திக் கட்டிய நல்ல குடும்பக் கார்.

உண்மையான வித்தியாசம் அகலத்திலும் நீளத்திலும் இருக்கிறது. சான்ட்ரோ தரையில் சுமார் 58 சதுர அடியைப் பிடிக்கும். கிரெட்டா 83 சதுர அடியை. சான்ட்ரோவின் அகலம் ஐந்தடி. கிரெட்டா ஐந்தடி பத்தரை அங்குலம், பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இன்னும் கூடும். பழைய வீடுகளில் எட்டடி போர்ட்டிகோ இருந்தால், சுவரோரம் ஒட்டி நிறுத்தியும் மறுபக்கம் கதவைப் பாதிதான் திறக்க முடியும். முழங்கால் வலியுள்ளவர் அந்த இடுக்கில் ஒருக்களித்து இறங்க வேண்டியிருந்தால், உயர்ந்த இருக்கையால் என்ன பயன்? முன்பணம் கட்டுவதற்கு முன்னால் டேப் எடுத்து கேட்டையும் போர்ட்டிகோவையும் தெருத் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள்.

இனி பாதுகாப்பு.

இந்தியாவில் 2019 ஒரு பெரிய எல்லைக்கோடு. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. அக்டோபரிலிருந்து விற்பனையில் இருந்த எல்லா மாடல்களும் முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைகளில் தேற வேண்டும் என்றானது. 2022 தொடக்கத்திலிருந்து முன்பயணிக்கும் ஏர்பேக். உங்கள் சான்ட்ரோ இந்தக் கோட்டுக்கு வெகுதூரம் அப்பால் நிற்கிறது. பெரும்பாலான சான்ட்ரோ வகைகளைப் போல உங்களுடையதிலும் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏ.பி.எஸ். இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். பழனி சாலையில் மழை நாளில் மாடு குறுக்கே வருகிறது. பிரேக்கை முழுபலத்தோடு மிதிக்கிறீர்கள். சக்கரங்கள் பூட்டிக்கொள்கின்றன. பூட்டிய சக்கரம் திரும்பாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகவே வழுக்கிப் போகும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரம் பூட்டப்போகும் கணத்தில் பிரேக் அழுத்தம் நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடிக்கிறது. காலடியில் மிதி துடிப்பது தெரியும். அப்போது ஒதுக்கி ஓட்ட முடியும். இதற்கு மேல் ஈ.எஸ்.சி. என்றொரு அமைப்பு: திடீரென ஒடித்துத் திருப்பும்போது வண்டியின் பின்பகுதி வீசிக்கொண்டு போனால், தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும். உயரமான வண்டிகளுக்கு இது ஆடம்பரம் அல்ல, அவசியம். இப்போதைய கிரெட்டாவில் அடிப்படை வகையிலிருந்தே ஆறு ஏர்பேக்கும் ஈ.எஸ்.சி.யும் உண்டு.

ஏர்பேக்கை எண்ணுவதைவிட முக்கியமானது கூண்டு. மோதலில் வண்டியின் மூக்குப்பகுதி நசுங்கி விசையை உள்வாங்க வேண்டும். மனிதர் உட்காரும் கூண்டு நசுங்கக் கூடாது. கூண்டு மடங்கினால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கும், மிதிகள் காலுக்கும் வந்துவிடும். அதன்பிறகு ஏர்பேக் இருந்தும் பயன் குறைவு. 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற அமைப்பு, இந்தியச் சிறிய கார்கள் ஐந்தை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஐந்துமே பூஜ்யம் நட்சத்திரம் பெற்றன. அவற்றில் சான்ட்ரோவுக்குப் பின்னால் வடிவமைக்கப்பட்ட ஐ10-உம் ஒன்று. அதைவிட முந்தைய வடிவமைப்பான உங்கள் வண்டி மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. காலம் செய்யும் வித்தியாசத்தை இன்னும் தெளிவாகக் காட்டியது ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் என்ற சோதனை அமைப்பு 2017-ல் நடத்திய சோதனை. 1998-ம் ஆண்டு டொயோட்டா கரோலாவையும் 2015-ம் ஆண்டு கரோலாவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழையது 16-க்கு 0.40 மதிப்பெண், புதியது 12.93. ஒரே பெயர், ஒரே வகை வண்டி, இடையில் 17 ஆண்டு.

இங்கேதான் உங்கள் கவனம் திரும்ப வேண்டும். அந்த 17 ஆண்டு செய்த வேலையை எஸ்.யூ.வி. என்ற உருவம் செய்துவிடாது. குளோபல் என்.சி.ஏ.பி. 2022-ல் கிரெட்டாவைச் சோதித்தபோது கிடைத்தது மூன்று நட்சத்திரம்; உடற்கூண்டு நிலையற்றது என்றும் குறித்தார்கள். அது முகம் மாறுவதற்கு முந்தைய வண்டி, இரண்டு ஏர்பேக் வகை. அதன்பின் உடலை வலுப்படுத்தியிருப்பதாக நிறுவனம் சொல்கிறது. இருந்தாலும் அளவில் அதைவிடச் சிறிய டாடா நெக்ஸான் 2018-லேயே ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அல்ட்ரோஸ் ஒரு சாதாரண ஹேட்ச்பேக், 2020-ல் ஐந்து. மாருதி டிசையர் நான்கு மீட்டருக்குள் அடங்கும் தாழ்வான செடான், 2024-ல் ஐந்து. எதிர்ப்பக்கம் வேகன்-ஆர்: சான்ட்ரோவைப் போலவே நெட்டைக் கூரை, புதிய தலைமுறை, 2023-ல் ஒரே ஒரு நட்சத்திரம். பின்னர் அதற்கும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது என்றாலும், அந்தச் சோதனையை நான் மறக்கத் தயாரில்லை. ஆகவே உருவத்தைப் பார்க்காதீர்கள், புதியது என்பதோடும் நின்றுவிடாதீர்கள். அந்த மாடலின் சோதனை முடிவைப் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்.சி.ஏ.பி. நம் நாட்டிலேயே நடக்கிறது. பிள்ளைகளுக்கான மதிப்பெண் அதில் தனியாக வரும். உங்களுக்கு அது முக்கியம்.

பெரிய வண்டிக்கு ஒரு சாதகம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்: எடை. சான்ட்ரோ சுமார் 850 கிலோ. கிரெட்டா 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், சான்ட்ரோவில் இருப்பவர்கள் ஒரு கணத்துக்குள் சுமார் 60 கிலோமீட்டர் வேக மாற்றத்தைத் தாங்க வேண்டும். கிரெட்டாவில் இருப்பவர்கள் 40. இது இயற்பியல், இதிலிருந்து தப்ப முடியாது. நம் சாலைகளில் பெரிய வண்டிகள் கூடக்கூட, சிறிய பழைய காரில் இருப்பவர்களின் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்பது எனக்கு உண்மையான கவலை. ஆனால் மரம், பாலத்தின் சுவர், நின்றிருக்கும் லாரி ஆகியவற்றின் மீதான மோதலில் எடைக் கணக்கு உதவாது. அங்கே கூண்டு, பெல்ட், ஏர்பேக் மட்டுமே பேசும். இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதிய கார்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. சான்ட்ரோவின் கண்ணாடிப் பரப்பு பெரியது, முன்தூண்கள் மெலிந்தவை, மூக்கு சரிந்து குட்டையாக முடியும். தெருமுனையில் நிற்கும் சைக்கிள் தெளிவாகத் தெரியும். புதிய வண்டிகளில் கூரையைத் தாங்கவும் ஏர்பேக் வைக்கவும் தூண்கள் தடித்துவிட்டன. ரவுண்டானாவில் திரும்பும்போது ஒரு இருசக்கர வாகனமே அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். உயர்ந்த பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்குள் சரிந்து முடியும் வண்டிகளைவிட, மோதிய பாதசாரிக்கு மரணம் விளைவிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல் என்று அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023-ல் கணித்தது. அங்குள்ள வண்டிகள் கிரெட்டாவைவிட மிகப் பெரியவை, அதனால் அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். திசை மட்டும் அதுதான். வீட்டுக் குழந்தைகளே வாசலில் விளையாடும் தெருவில், எந்த உயர்ந்த வண்டியையும் எடுக்கும் முன் ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

ஓட்டும் அனுபவம். நகருக்குள் சான்ட்ரோவை இன்றும் எனக்குப் பிடிக்கும். காந்திபுரத்திலும் ஒப்பணக்காரத் தெருவிலும் ஐந்தடி அகலக் கார் நுழையும் இடத்தில் கிரெட்டா காத்து நிற்கும். ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் சான்ட்ரோவின் மொத்த எடை 1,200 கிலோவைத் தொடும். இழுக்க இருப்பது 1,086 சி.சி., 63 குதிரைத்திறன். ஊட்டி மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் ஏ.சி.யை அணைத்து, இரண்டாம் கியருக்கும் முதல் கியருக்கும் இடையில் மாறிக்கொண்டு, பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே ஏறுவது உங்களுக்குத் தெரிந்த கதை. கிரெட்டாவின் 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் இன்ஜின் 115 குதிரைத்திறன். அதே குடும்பத்தோடு ஏ.சி. ஓட ஏறும். டர்போ வகை 160. உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை. நான்குவழிச் சாலையில் மணிக்கு 100-ல் சான்ட்ரோ கத்தும், பக்கத்தில் ஆம்னி பஸ் கடந்தால் ஸ்டீயரிங் ஆடும். நெட்டையான கூரை, குறுகிய சக்கர அகலம், 155 அளவு மெல்லிய டயர், எடையும் குறைவு, வேறெப்படி இருக்கும்? கிரெட்டா அந்த வேகத்தில் நிதானமாக ஓடும். திருநெல்வேலி போய்ச் சேரும்போது அம்மாவின் உடம்பில் இந்த வித்தியாசம் தெரியும்.

பெட்ரோல் விஷயத்தில் பலர் நினைப்பதைவிட வேறுபாடு குறைவு. ஒப்புதல் சோதனையில் கிரெட்டா பெட்ரோல் மேனுவலுக்கு லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர். நகரில் அது கிடைக்காது. 10 முதல் 12 என்று கொள்ளுங்கள். பழைய சான்ட்ரோ நல்ல பராமரிப்பில் 12, 13 தரும். மாதம் 600 கிலோமீட்டருக்கு நான்கு முதல் பத்து லிட்டர் வேறுபாடு. லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆயிரம் ரூபாய்க்குள். நெடுஞ்சாலையில் மட்டும் கிரெட்டாவின் முகப்பரப்பு ஐந்தில் ஒரு பங்கு பெரியது என்பதால், வேகம் கூடும்போது காற்று அதிகமாகப் பிடித்து இழுக்கும். 80, 90-ல் ஓட்டினால் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

இங்கே எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் அதற்கேற்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வருகின்றன. உங்கள் 2010 வண்டி அப்படியல்ல. கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. அதைவிட எனக்குக் கவலை எரிபொருள் குழாய். பதினைந்து வயது ரப்பர் ஏற்கெனவே விறைத்திருக்கும். எத்தனால் அதில் இன்னும் சீக்கிரம் விரிசல் விழவைக்கும். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. சான்ட்ரோவை வைத்திருக்கப் போகிறீர்களென்றால் டேங்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள ரப்பர் குழாய்களையும் கிளாம்புகளையும் மாற்றிவிடுங்கள். செலவு பெரிதல்ல.

பழுது பார்ப்பதில் சான்ட்ரோவுக்கு இணையில்லை. கிளட்ச், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் புஷ் எதுவானாலும் எந்த ஊரிலும் தெரிந்த மெக்கானிக் உண்டு, பாகமும் கிடைக்கும். ஹெட்லைட் பல்பு எரிந்தால் பங்க் பக்கத்துக் கடையில் சில நூறு ரூபாயில் முடியும். கிரெட்டாவின் உயர் வகைகளில் எல்.இ.டி. விளக்கு ஒரே தொகுதி. உடைந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். பம்பரில் சென்சார், முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, பக்கக் கண்ணாடியில் மோட்டார். நான் மதிப்பீடு எழுதும் சிறு மோதல்களில்கூட, தகரம் நசுங்கிய செலவைவிட இந்த மின்னணு பாகங்களின் செலவே பல நேரம் அதிகம். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவுபடுத்தவும் வேண்டும். டயர் விலையும் அப்படி: 13 அங்குல டயரோடு ஒப்பிட்டால் 17 அங்குல டயர் இரண்டு மடங்குக்கு மேல். கிரெட்டா பக்கம் சொல்ல ஒன்று இருக்கிறது: இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க அதன் 1.5 பெட்ரோலில் இருப்பது டைமிங் செயின். சான்ட்ரோவில் டைமிங் பெல்ட். உங்கள் வண்டியில் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பில்லைத் தேடிப் பாருங்கள். நினைவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். அது அறுந்தால் நடுவழியில் நின்றுவிடுவீர்கள்.

பணத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. மாறியது. நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம். கிரெட்டா போன்றவற்றுக்கு 40. முன்பு இருந்த 45-ஐவிட அதுவும் குறைவுதான், ஆனால் சிறிய காருக்குக் கிடைத்த சலுகை பெரியது. அடுத்தது நம் மாநில ஆயுள் வரி, அதாவது பதிவின்போது ஒரே முறையாகக் கட்டும் சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. இந்தப் படியைக் கவனியுங்கள். விலை 9.9 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்சம் என்றால் 1,81,800. வண்டி விலையில் இருபதாயிரம் கூட, வரியில் மட்டும் 53,100 கூடுகிறது. 12 லட்ச ரூபாய் கிரெட்டாவுக்கு வரி 2,16,000. ஒன்பது லட்ச ரூபாய் காருக்கு 1,17,000.

கடன் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 10 லட்சம், 9 சதவீத வட்டி, ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 20,760 ரூபாய். மொத்த வட்டி இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாண்டு முடியும்போது காப்பீட்டுக் கணக்கில் வண்டியின் மதிப்பு பாதியாகியிருக்கும். உங்கள் சான்ட்ரோவுக்கு ஆண்டுக்கு நாற்பதாயிரம் செலவாகிறது, தாங்கவில்லை என்று சொன்னீர்கள். அது கிரெட்டாவின் இரண்டு மாதத் தவணை. பழைய வண்டி செலவு வைக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் புதிய வண்டி வாங்குவது கணக்கில் நிற்காது. பாதுகாப்புக்காக வாங்குங்கள், அது நிற்கும்.

மூன்றாம் நபர் காப்பீட்டில் இரண்டும் ஒரே படியில் இருப்பது பலருக்குத் தெரியாது. 1,000 சி.சி.க்கு மேல் 1,500-க்குள் என்றால் 2022-ல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 3,416 ரூபாய், 1,086 சி.சி. சான்ட்ரோவும் 1,497 சி.சி. கிரெட்டாவும் அதற்குள் வரும். வேறுபாடு சொந்தச் சேதக் காப்பீட்டில்தான்.

ஆர்.சி. புதுப்பிப்பு: 15 ஆண்டைத் தாண்டிய காருக்கு 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி தனி, தகுதிச் சோதனையில் தேற வேண்டும், ஐந்தாண்டுக்கு நீட்டிப்பார்கள். 20 ஆண்டைத் தாண்டினால் கட்டணம் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். டெல்லியில் கொண்டுவந்தது போல் 15 வயது பெட்ரோல் காரை ஓட்டவே கூடாது என்ற தடை இங்கில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 10 லட்சத்துக்குள், நான்கு மீட்டருக்குள், ஐந்து நட்சத்திரமும் உயர்ந்த இருக்கையும் உள்ள ஒரு வண்டியை முதலில் பார்ப்பேன். நெக்ஸான் அந்த வரிசையில் வரும். அதே டாடாவின் அதைவிடச் சிறிய பஞ்ச் 2021-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஆனால் ஐந்து பேருக்கு மலை ஏற அதன் சாதாரண பெட்ரோல் இன்ஜின் சற்றுக் குறைவு. டிசையர் ஓட்டவும் மைலேஜுக்கும் அருமை. அம்மாவின் முழங்காலுக்குத் தாழ்வு. பின்னிருக்கையில் நடுவில் உட்கார்பவருக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் அந்த இடம் ஒரு பிள்ளையுடையது. கிரெட்டாவுக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: பிள்ளைகள் இருவரும் தோள் அகலம் வளர்ந்து அம்மாவோடு பின்னால் மூவராக நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும், 433 லிட்டர் டிக்கியும் நிறையும் என்றால், அகலமே வசதி. உங்கள் பிள்ளைகள் எட்டும் பதினொன்றும். அந்தத் தேவை வர இன்னும் சில ஆண்டு ஆகும். அதற்குள் நான்கு லட்சம் கூடுதலாகக் கடன் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

போர்ட்டிகோவில் இடமும் வெளியே பாதுகாப்பான நிறுத்துமிடமும் இருந்தால் சான்ட்ரோவையும் விற்காதீர்கள். இந்த வயதில் கிடைக்கும் விலை சொற்பம். நகருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளிக்கும் கடைக்கும் போய்வர அது இன்னும் நல்ல வண்டி. நெடுஞ்சாலைக்கு எடுக்க மாட்டோம் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பதற்கு முன் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதவுக்குக் கீழ்விளிம்பும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடமும் துருப்பிடித்திருந்தால் பணம் போடாதீர்கள், வண்டியைக் கழித்துவிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வயதைத் தாண்டியிருந்தால் டயர் தேயாமல் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள்.

விற்பதென்றால் ஒன்றை மறக்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு மேல் கிளெயிம் இல்லாமல் முழுக் காப்பீடு வைத்திருந்தால் உங்களுக்கு 50 சதவீத நோ கிளெயிம் போனஸ் சேர்ந்திருக்கும். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஆர்.சி.யை வாங்குபவர் பெயருக்கு மாற்றிய சான்றைக் காட்டி, காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸ் தக்கவைப்புக் கடிதம் வாங்குங்கள். புதிய வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அதைக் கழிக்கலாம். ஷோரூமில் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பெயர் மாற்றம் முடிந்ததா என்பதையும் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள். அதுவரை அந்த வண்டி எங்கே மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.